மிஸ்ட்ரஸ்: வைப்பாட்டியா, காமக்கிழத்தியா?

ஆலிஸ் பெரர்ஸ் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே சிக்கல். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டின் 'மிஸ்ட்ரஸ்' அவர். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

சொல்லின் வேர் லத்தீன் 'மாஜிஸ்டர்'. தலைவர், ஆசான் என்று பொருள். பழைய பிரெஞ்சில் அதற்கு ஒரு பெண்பால் வடிவம் உண்டாகி, அது 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது வீட்டை ஆளும் தலைவி, கற்பிக்கும் பெண் என்ற பொருளில்தான் வந்தது. பள்ளியில் 'ஹெட்மிஸ்ட்ரஸ்' என்கிறோமே, பிள்ளைகள் டீச்சரை 'மிஸ்' என்று கூப்பிடுகிறார்களே, பெயருக்கு முன்னால் 'மிஸஸ்' போடுகிறோமே, எல்லாம் இதே வேர்தான். மணமாகாமல் ஒருவரோடு உறவில் இருக்கும் பெண் என்பது பிற்பாடு ஏறிய பொருள். ஆலிஸ் காலத்தில் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி தாமஸ் வால்சிங்கம் அவரை லத்தீனில் 'மெரெட்ரிக்ஸ்', அதாவது விலைமகள் என்றே எழுதிவைத்தார். அந்த மடத்துக்கும் ஆலிஸுக்கும் நிலத்தகராறு இருந்தது, அதனால் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

தமிழில் சட்டென்று வாயில் வருவது 'வைப்பாட்டி'. வைத்திருக்கப்படும் பெண்; 'வை' என்ற வினையிலேயே ஆண் உடைமைக்காரனாகவும் பெண் பொருளாகவும் ஆகிவிடுகிறார்கள். ஆலிஸுக்கு இது கொஞ்சமும் பொருந்தாது என்பேன். அரசி பிலிப்பாவின் பணிப்பெண்ணாக அரண்மனைக்கு வந்தவர், மன்னருக்கு ஒரு மகனைப் பெற்றார். 1369இல் அரசி இறந்தபிறகு ஆலிஸின் செல்வாக்கு வெளிப்படையாகவே வளர்ந்தது, 1373இல் அரசியின் நகைகளில் சிலவற்றை மன்னர் அவருக்கே கொடுத்தார். மன்னர் கொடுத்தது மட்டுமில்லை, ஆலிஸே கடன் கொடுத்து, குத்தகை பிடித்து, நிலம் வாங்கி ஐம்பதுக்கும் மேற்பட்ட பண்ணைகளைச் சேர்த்தார். 1376இல் 'நல்ல பாராளுமன்றம்' என்று பெயர்பெற்ற பாராளுமன்றம் கூடி அவரை அரசவையிலிருந்து விலக்கியது. பெண்கள் அரச நீதிமன்றங்களில் பிறர் வழக்குகளில் தலையிடக்கூடாது என்று போட்ட ஆணையில் ஆலிஸின் பெயரையே குறிப்பிட்டார்கள். அவ்வளவு பயம்.

சரி, 'ஆசைநாயகி'? பத்திரிகைத் தமிழில் பழகிய சொல், வசையும் குறைவு, ஆனால் கிசுகிசு வாசனை போகவில்லை. என் தேர்வு 'காமக்கிழத்தி'. தொல்காப்பியமே இவளை மனையோளிடமிருந்து வேறுபடுத்திச் சொல்கிறது. கிழமை என்றால் உரிமை, கிழத்தி என்றால் உரிமை உடையவள், தலைவி. 'மிஸ்ட்ரஸ்' என்ற சொல்லுக்குள் இருக்கும் அதே தலைவிதான் இங்கேயும் இருக்கிறாள், அதுவும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே! 'காமம்' என்ற முன்பாதி இன்றைய காதுக்கு உறுத்தலாம். காமத்துப்பாலைப் படித்தவர்களுக்கு அந்தச் சொல் முழுக் காதலையும் தாங்கியது என்று தெரியும். ஆகவே 'மன்னரின் காமக்கிழத்தி' என்று எழுதுங்கள், கூச்சமே வேண்டாம்.

1377 ஜூனில் எட்வர்ட் இறந்தார். அதே ஆண்டு பாராளுமன்றம் ஆலிஸை விசாரித்து, நிலங்களைப் பறிமுதல் செய்தது. கணவர் வில்லியம் வின்ட்சர் (இந்தத் திருமணத்தை ரகசியமாக வைத்திருந்தார்கள்) முயற்சியால் சில திரும்பி வந்தன, ஆனால் 1384இல் அவர் இறந்ததும் அவருடைய உறவினரான ஜான் வின்ட்சர் அவற்றைப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் ஆலிஸ் விடாமல் வழக்காடினார். 1400இல் எழுதிய உயிலில், ஜான் அபகரித்த பண்ணைகளை மீட்டு மகள்கள் இருவருக்கும் பங்கிடச் சொல்லி, அவருக்கு அங்கே எந்த உரிமையும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை என்று தன் ஆன்மாவின் மீது ஆணையிட்டு எழுதிவைத்தார்.