கோரைக்குள் ஒரு பழுப்புப் பூச்சி

மிட்செல்ஸ் சேட்டர் என்ற வண்ணத்துப்பூச்சி இறக்கையை விரித்தால் வெறும் பழுப்பு, ஒரு பொட்டுகூட இருக்காது. மூடினால்தான் அழகு தெரியும். பின்னிறக்கையின் ஓரமாகக் கருப்புக் கண்புள்ளிகள் வரிசைகட்டி நிற்கும். ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் வளையம், நடுவே வெள்ளிப்பொடி தூவியதுபோல் மினுக்கம். வரிசையைச் சுற்றி ஆரஞ்சுக் கோடு. விரித்த இறக்கையே சுமார் 4 சென்டிமீட்டர்தான். இதற்கு 1889இல் பெயர் வைத்தார்கள். முதலில் கிடைத்த இடம் அமெரிக்காவின் மிச்சிகன். 1992 முதல் அந்நாட்டின் அருகிவரும் உயிரினப் பட்டியலில் இருக்கிறது.

கண்புள்ளிகள் வெறும் அலங்காரம் இல்லை. இந்த வகைப் பூச்சிகளைக் கொத்த வரும் பறவை பல சமயம் புள்ளியைக் குறிவைத்துவிடும். இறக்கை ஓரம் கிழியும், உடம்பு தப்பிக்கும்.

மிச்சிகனில் இதன் இருப்பிடம் ஃபென் எனப்படும் ஈரநிலம். மழைத்தண்ணீர் தேங்கி உண்டான இடம் என்று நினைத்துவிட வேண்டாம். சுண்ணாம்பு கலந்த சரளைமண் வழியாக வரும் நிலத்தடி நீர், மேட்டின் அடிவாரத்தில் குளிர்ச்சியாக ஊறிக்கொண்டே இருக்கும். நீர் நிறைந்த மண்ணில் ஆக்சிஜன் குறைவு. செத்த இலைதழை முழுசாக மக்காமல் அடுக்கடுக்காகச் சேரும். மரங்கள் திணறும் அந்த மண்ணில் கோரை செழிக்கும். புழுவுக்கு அதுதான் சாப்பாடு. எங்கோ தள்ளி ஒரு வடிகால் வெட்டினாலும் போதும், நீர்மட்டம் இறங்கும், புதர் ஏறும், நிழலில் கோரை மெலியும். பூச்சியைக் காப்பது என்றால் முதலில் அந்த ஊற்றைக் காப்பதுதான் என்பேன்.

சரி, எப்படிப் பார்ப்பது? மிச்சிகனில் ஜூன் கடைசியிலிருந்து ஜூலை வரை ஏறக்குறைய மூன்று வாரம்தான் பறக்கும். பூக்களருகே காத்திருந்து பயனில்லை. வளர்ந்த பூச்சி தேன் குடிப்பது அபூர்வம். கோரை நுனிகளை ஒட்டி, மெதுவாக, ஏறி இறங்கித் தத்தித் தத்திப் போகும் பழுப்பைத் தேடுங்கள். கிட்டத்தில் இருப்பதையும் தெளிவாகக் காட்டும் பைனாகுலர் இருந்தால் நல்லது. இறக்கையின் மேல்பக்கத்திலும் கண்புள்ளி தெரிந்தால் அது லிட்டில் வுட் சேட்டர், வேறு இனம். வலை வேண்டாம், பிடிப்பது சட்டப்படி குற்றம். மரப்பலகை நடைபாதையை விட்டு இறங்கவும் கூடாது. முட்டையும் புழுவும் காலடியில்தான் இருக்கும்.

ஆகஸ்டில் போனால் பறப்பது ஒன்றும் கண்ணில் படாது. அப்புறம் குளிர்காலம் முழுக்க, பாதி வளர்ந்த பச்சைப் புழு பனிக்கு அடியில், கோரையோடு ஒட்டி, வசந்தம் வரை அசையாமல் கிடக்கும்.