ஊர்ப் படம் விற்கிறவன் சொல்கிறேன்: முதலில் ஒரு கையெழுத்து வாங்குங்கள்

"ஏனுங்க, மலை தெரியற மாதிரி கோயமுத்தூர் போட்டோ ஒண்ணு வேணுமுங்க, நாளைக்குக் காலையில பிரிண்ட்டுக்குப் போகோணும்." மாதத்தில் நாலைந்து முறையாவது எனக்கு இந்த போன் வரும், பெரும்பாலும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான். கேட்பவருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. ஊருக்குள்ளிருந்து மலை தெளிவாகத் தெரிவது வருஷத்தில் சில வாரங்கள்தான். ஐப்பசி, கார்த்திகையில் ராத்திரி நல்ல மழை பெய்து விடியலில் வெறித்திருந்தால், வாலாங்குளத்துக் கரையில் நின்று மேற்கே பார்க்கலாம், மலை மடிப்பு மடிப்பாக நிற்கும். பங்குனியில் அதே இடத்தில் நின்றால் வெறும் புகைமூட்டம். அந்த வாரங்களில் வாய்க்கும் ஐந்தாறு விடியல்களில் எழுந்து போய் எடுத்து வைத்ததைத்தான் மீதி வருஷமெல்லாம் விற்கிறேன்.

கோவையை மட்டுமே எடுத்து, தலைப்பும் தேதியும் போட்டு அடுக்கி வைத்து, கேட்பவர்களுக்குப் பயன்படுத்தும் உரிமையை விற்பது என் தொழில். எடுத்து வைத்த படங்களை விற்கும் பெரிய வெளிநாட்டு ஸ்டாக் போட்டோ தளங்களில் கோடிக்கணக்கில் படங்கள் இருக்கும்போது உன்னிடம் யார் வாங்குவார்கள் என்று ஆரம்பத்தில் வீட்டிலேயே கேட்டார்கள். அங்கே கிரைண்டர் கல் கொத்துகிற கை கிடைக்காது, சோமனூர் தறிக்கூடம் கிடைக்காது, உக்கடம் என்று போட்டிருக்கும் படம் உக்கடம்தானா என்று யாரும் சரிபார்த்திருக்க மாட்டார்கள். அதனால் தொழில் ஓடுகிறது. படம் எடுப்பதில் நான் பெரிதாகத் தப்பு செய்ததில்லை, காகிதத்தில்தான் சறுக்கினேன். இந்த வேலைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்கும், படம் வாங்கிப் போடுகிற டிசைனர்களுக்கும் அதைத்தான் சொல்லப் போகிறேன்.

பூ மார்க்கெட்டில் ஒரு ஆத்தாவை எடுத்திருந்தேன். செவ்வந்திக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரு கையால் முழம் போட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்க்கிற பார்வை. எடுக்கும்போது சிரித்தார், சரி, சம்மதம்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வருஷம் கழித்து அந்தப் படத்தை ஒரு விளம்பரக்காரர் வாங்கினார். எதற்கென்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சர்க்கரை நோய்ப் புண்ணுக்கான சிகிச்சை விளம்பரத்தில், கால் படத்துக்குப் பக்கத்தில், ஆத்தா முகம்! பேத்தி போனில் பார்த்துவிட்டு என் நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டது. மறுநாள் காலையிலேயே போனேன்.

"எனக்கு ஒரு நோவும் இல்லீங் கண்ணு. பூ வாங்க வர்ற புள்ளைக எல்லாம் ஒடம்பு எப்படி இருக்குதுன்னு கேக்குதுங்க. ரெண்டு பேரு பூவே வாங்காமப் போயிட்டாங்க."

என்னிடம் பதிலே இல்லை. பொது இடத்தில் எடுத்த படம், எடுத்தவனுக்கே உரிமை என்று நாம் சொல்லிக்கொள்வதெல்லாம் படத்தின் மேல் உள்ள காப்புரிமையைப் பற்றி. முகம் அந்த ஆளுடையது. நக்கீரன் பத்திரிகை வழக்கில் 1994-லேயே உச்ச நீதிமன்றம், ஒருவர் பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமில்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்தினால் அது அந்தரங்க உரிமையை மீறுவது என்று சொல்லியிருக்கிறது. ஊர்ச் செய்திக்கோ கட்டுரைக்கோ சந்தைப் படம் போடுவது வேறு, பொருள் விற்கப் போடுவது வேறு. இரண்டாவதற்கு எழுத்தில் ஒப்புதல் வேண்டும். சின்னப் பிள்ளைகள் என்றால் அப்பா அம்மா கையெழுத்து.

விளம்பரத்தை எடுக்க வைத்தேன், எனக்கு வந்த காசை ஆத்தாவிடமே கொடுத்தேன். அப்புறம் தமிழில் அச்சடித்த ஒப்புதல் படிவத்தை நீட்டினேன். பேத்தியைப் படிக்கச் சொல்லி முழுசாகக் கேட்டுவிட்டு, "நோவு நொடிக்கு எம் மூஞ்சியப் போடக் கூடாதுன்னு இதுல எங்க எழுதியிருக்குது?" என்றார். எங்கேயும் இல்லை. பேனாவில் கீழே எழுதிக் கொடுத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். இப்போது என் படிவத்தில் அந்த வரி அச்சிலேயே இருக்கிறது, நோய், கடன், கட்சி விளம்பரம் மூன்றுக்கும் தனித்தனியாகக் கேட்காமல் கொடுப்பதில்லை என்று.

அடுத்தது உரிமை யாருக்கு என்பது. நம் பக்கத்து ஆட்களுக்கு இதைத் தறியை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். பாவும் ஊடையும் ஜவுளிக்காரர் கொடுக்க, நாம் கூலிக்கு ஓட்டினால் துணி அவருடையது. சொந்த நூல் போட்டு ஓட்டினால் துணி நம்முடையது. 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு போட்டோவுக்குச் சொல்வதும் கிட்டத்தட்ட இதேதான். ஒருவர் காசு கொடுத்து, அவர் கேட்டதற்காக எடுத்த படத்துக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவரே முதல் உரிமையாளர். நாமாகப் போய் எடுத்தது நம்முடையது. ஒரு மில்லுக்குக் கூலிக்குப் போய் எடுத்துவிட்டு, மிச்சம் விழுந்த படங்களை ஸ்டாக்கில் போட்டு விற்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். எழுதி வாங்காமல் செய்யாதீர்கள். பனியன் கம்பெனிக்குள் எடுத்தால் இன்னொரு தொல்லை, மேசையில் கிடக்கும் ஒரு லேபிளில் வெளிநாட்டு பிராண்டின் பெயர் படித்துவிடும்படி தெரிந்தால் போதும், கம்பெனிக்காரர் தூக்கம் போய்விடும். நான் எடுக்கும்போதே லேபிளைக் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிடுவேன்.

வாங்குகிறவர்கள் பக்கம் வருகிறேன். குளக்கரைப் படம் ஒன்றை ஒரு வீட்டுமனைக்காரர் வெப்சைட்டுக்கு என்று வாங்கினார். மூன்று மாதம் கழித்து அவிநாசி ரோட்டில் போகிறேன், அதே படம் இருபதடி பேனரில். கேட்டால், "காசு குடுத்து வாங்கியாச்சுல்லங்க, எங்க போட்டா என்னங்க?" நியாயமாகத்தான் கேட்டார், ஏனென்றால் என் பில்லில் "போட்டோ - 1" என்று மட்டும் இருந்தது. சட்டப்படி உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும். அதிலும் காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை எழுதாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும்தான் எடுத்துக்கொள்வார்கள். எங்கே போடலாம், எவ்வளவு நாள், பேனரா புத்தகமா என்று இப்போது பில்லிலேயே எழுதுகிறேன். இன்னொன்று, ராயல்டி ஃப்ரீ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு இலவசம் என்று நினைக்கிறார்கள். ஒருமுறை காசு கட்டினால் ஒவ்வொரு தடவைக்கும் தனியாகக் கட்ட வேண்டியதில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். கூகுளில் வலது கிளிக் செய்து எடுத்தால் அதுவும் கிடையாது.

படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லாதீர்கள். சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும், ஏ4 தாளில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சுக்கு 3508 பிக்சல் வேண்டும். யார் எடுத்தது, எப்போது என்று கோப்புக்குள் எழுதி வைத்த விவரமும் அழிந்து போகும்.

கட்டடங்களைப் பற்றி நிறையப் பேர் பயப்படுகிறார்கள். கட்டடத்தைப் படம் எடுத்து வெளியிடுவதைச் சட்டம் அனுமதிக்கிறது, மணிக்கூண்டு எடுத்து விற்க யாரிடமும் கேட்க வேண்டாம். ஆனால் உக்கடம் குடியிருப்புச் சுவர்களில் வரைந்திருக்கும் பெரிய ஓவியங்கள் வேறு. பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலைக்கு உள்ள விலக்கு, சுவர் ஓவியத்துக்கு இல்லை. அதை மட்டும் படம் முழுக்க நிரப்பி எடுத்து விளம்பரத்துக்கு விற்றால் வரைந்தவர் கேட்கலாம். என் பட்டியலில் அவை விளம்பரத்துக்கு இல்லை என்ற குறிப்போடுதான் இருக்கின்றன.

ட்ரோன் வைத்திருக்கிறாயா என்று கேட்காத ஆள் இல்லை. பீளமேட்டில் விமான நிலையம், அந்தப் பக்கம் சூலூரில் விமானப்படைத் தளம். 2021 ட்ரோன் விதிகளின்படி விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதி வாங்காமல் தரையிலிருந்தே பறக்கவிட முடியாது. ஊரில் நிறைய இடங்கள் அதற்குள் வந்துவிடும். நான் மொட்டை மாடிகளை நம்பித்தான் பிழைக்கிறேன், வாட்ச்மேன்களிடம் நல்ல பழக்கம்.

தேதி போடுங்கள் என்பதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். உக்கடம் மேம்பாலம் 2024 ஆகஸ்டில் திறந்தார்கள், அவிநாசி ரோட்டு ஜி.டி. நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபரில். இரண்டு தடவையும் என் அலமாரியில் நூற்றுக்கணக்கான படங்கள் ஒரே நாளில் பழசாகிப் போயின. அழித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். போன மாதம் ஒரு பெரியவர் வந்தார், உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் பாலம் வருவதற்கு முன்னால் எடுத்தது எல்லாம் பார்க்க வேண்டும் என்றார். தூண் வேலை ஆரம்பிப்பதற்கு முன் தன் கடை இருந்த இடத்தைத் தேடினார். 2019-ல் எடுத்த ஒன்றில், பஸ்ஸுக்குப் பின்னால், போர்டில் பாதி மட்டும் தெரிந்தது. "இதுதானுங்க" என்று திரையில் விரலை வைத்தவர் எடுக்கவே இல்லை. அதற்கு என்ன விலை போடுவதென்று என் விலைப்பட்டியலில் இல்லை, பிரிண்ட் செலவை மட்டும் வாங்கிக்கொண்டேன்.