தலை வார முடியாத கை

"தலை வார முடியுதா?" தோள்வலியோடு வருபவர்களிடம் பிசியோதெரபிஸ்டாக நான் முதலில் கேட்பது இதைத்தான். பள்ளி பேஸ்பால் அணியில் பந்து வீசும் 13 வயதுப் பையன் ஒருவனை அவன் அப்பா கூட்டி வந்திருந்தார். பையன் வாயால் பதில் சொல்லவில்லை. இடது கையால் சீப்பைப் பிடிப்பதுபோல் வைத்து, தலையைச் சாய்த்துக் காட்டினான். வீசுகிற கை வலது.

"காலையில மட்டும்தான் சார். நாலு பந்து போட்டா சரியாயிடும்" என்றார் அப்பா.

அந்தச் 'சரியாயிடும்'தான் எனக்குப் பயம். அவர்களிடம் சார்லஸ் ராட்போர்ன் கதையைச் சொன்னேன்.

அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் தொடக்க கால பிட்சர், அதாவது பந்து வீசுபவர், அவர். 1884 ஜூலையில் பிராவிடன்ஸ் கிரேஸ் அணியின் இன்னொரு பிட்சர் சார்லி ஸ்வீனி விலகிப் போனார். மீதி ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை ராட்போர்ன் ஒற்றை ஆளாக ஏற்றுக்கொண்டார். அந்த ஆண்டு 73 ஆட்டங்களைத் தொடங்கி, 73-ஐயும் தானே முடித்தார். 678 இன்னிங்ஸுக்கு மேல் (பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்). இன்று ஒரு பிட்சர் ஓர் ஆண்டில் 200 இன்னிங்ஸைத் தொட்டாலே பெரிது. வெற்றிகள் 59; 60 என்று எண்ணுபவர்களும் உண்டு.

ராட்போர்னுக்குக் காலையில் தலை வாரக் கை எழும்பாது என்பார்கள். சீக்கிரமே மைதானத்துக்குப் போய், சில அடி தூரம் மெதுவாக எறிந்து, கை சூடேற ஏறத் தூரத்தைக் கூட்டுவாராம். சூடேறினால் வலி மறையும். ஆனால் தசைநாரில் விழுந்த கிழிசல் அதனால் ஆறிவிடாது.

"அவர் தாங்கினாரே சார்?" என்றார் அப்பா. நியாயமான கேள்விதான். 1891 வரை ஆடினார், 300-க்கு மேல் ஜெயித்தார். ஆனால் 1884-ல் அவருக்கு வயது 29, எலும்பு முற்றிய உடம்பு. அதே ஆண்டு ஒரே ஆட்டத்தில் 19 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்த (பந்தை அடிக்க விடாமலே அவுட்டாக்கிய) ஸ்வீனிக்கு வயது 21. கை ஓய்ந்து, 1887-உடன் அவர் பெரிய லீக் வாழ்க்கையே முடிந்தது.

13 வயதில், மேல்கை எலும்பின் தோள்பக்க முனையில் வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு வளர்கிற மென்மையான பகுதி, இன்னும் மூடியிருக்காது. திரும்பத் திரும்ப எறிந்தால் முதலில் விரிசல் காண்பது அங்கேதான். அமெரிக்காவில் இப்போது இந்த வயதுக்கு ஒரு நாளில் 95 பந்துதான் உச்சவரம்பு. 66-ஐத் தொட்டாலே நான்கு நாள் ஓய்வு. நம் பையன்கள் ஒரு நாளைக்கு எத்தனை பந்து வீசுகிறார்கள்? அப்பாவிடம் கேட்டேன், எண்ணியதில்லை என்றார்.

எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்து முடிவெடுக்கும் வரை பந்தைத் தொட வேண்டாம் என்றேன். பையன் அப்பாவைத்தான் பார்த்தான். அவர் சரி என்று தலையாட்டியதும், அவன் தோளைத் தளர்த்தி உட்கார்ந்தான்.