பி.எட். பேராசிரியர்களுக்கு எந்த ஆன்லைன் பயிற்சி வேண்டும்?

ஈரோடு, கோவை, நாமக்கல் பக்கத்துக் கல்வியியல் கல்லூரிகளில் ஆன்லைன் கற்பித்தல் பயிற்சி என்றால் நிகழ்ச்சி நிரலைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். காலையில் குத்துவிளக்கு, வாழ்த்துரை. பிறகு கூகுள் கிளாஸ்ரூமில் வகுப்பு திறப்பது, மூடுல் என்ற பாடத் தளத்தில் ஃபைல் ஏற்றுவது, கூகுள் ஃபார்மில் வினாத்தாள் செய்வது. மதியம் சாப்பாடு, சாயங்காலம் சான்றிதழ், குரூப் போட்டோ. பல வருடமாக இந்தப் பயிற்சிகளை நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இவற்றையெல்லாம் யாரும் ஒரு பொழுதில் பழகிக்கொள்ளலாம், முதல் வருட மாணவியைக் கேட்டால் அவரே சொல்லித் தந்துவிடுவார். பேராசிரியர்கள் திணறுவது இன்னொரு இடத்தில். எதை வீட்டுக்கு அனுப்புவது, எதை வகுப்புக்கென்று வைத்துக்கொள்வது என்பதில்தான்.

2020 ஊரடங்கில் நாம் செய்தது அவசர ஏற்பாடு. வகுப்பில் பேசியதை அப்படியே ஜூமில் பேசினோம், இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்ததும் மறுபடி லிங்க் போட்டோம். அன்றைக்கு வேறு வழியில்லை. அதுதான் ஆன்லைன் கற்பித்தல் என்று மனதில் பதிந்துபோனதுதான் வினை. 2021 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வெளியிட்ட, நேர் வகுப்பும் ஆன்லைனும் கலந்த கலப்பு முறைக் கற்றல் வரைவு, ஒரு பாடத்தில் 40 சதவீதம் வரை ஆன்லைனில் நடத்தலாம் என்றது. எந்த 40 என்று அடுத்த கேள்வி வரவேண்டும் அல்லவா? பல இடங்களில் அதைப் பேருந்து நேரமும் சனிக்கிழமையும்தான் முடிவு செய்தன.

கல்வியியல் துறைக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. பி.எட். மாணவர்கள் நாம் சொல்லும் கொள்கையைப் பரீட்சைக்கு எழுதுவார்கள், நாம் நடத்தும் விதத்தைப் பள்ளிக்குக் கொண்டுபோவார்கள். மாணவர் தன் அறிவைத் தானே கட்டி எழுப்புகிறார் என்னும் கட்டுமானவாதம் பற்றி 60 ஸ்லைடு வாசித்துக் காட்டினால், அவர்கள் எட்டாம் வகுப்பில் 60 ஸ்லைடு வாசிப்பார்கள்.

ஒரு பாடத்தை எடுத்துப் பிரித்தே பார்ப்போம். குழந்தையின் சிந்தனை வயதோடு எப்படி வளர்கிறது என்று சொன்ன சுவிஸ் உளவியலாளர் பியாஜேயின் வளர்ச்சிப் படிநிலைகள். வழக்கமாக இரண்டு பீரியட் விரிவுரை. என் பயிற்சிகளில் இதை இப்படி மாற்றச் சொல்கிறேன். படிநிலைகளின் பெயரும் வயதும் நான்கு பக்க பிடிஎஃப்பிலும் ஒரு குரல் பதிவிலும் வீட்டுக்குப் போய்விடட்டும். கூடவே ஒரு வேலை: வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ இருக்கும் ஐந்து வயதுக் குழந்தை முன்னால் ஒரே அளவு இரண்டு டம்ளரில் சமமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். சமம் என்று குழந்தையே ஒப்புக்கொண்ட பிறகு, ஒன்றில் இருப்பதை ஒல்லியான உயரக் கண்ணாடிக் குவளைக்கு மாற்றுங்கள். இப்போது எதில் அதிகம் என்று கேளுங்கள். என்ன சொல்கிறது, ஏன் என்று கேட்டால் என்ன காரணம் சொல்கிறது என்பதை அதன் வார்த்தையிலேயே எழுதி குரூப்பில் போடுங்கள்.

"இதுலதான் ஜாஸ்தி, ஒசரமா இருக்குதில்ல!" என்ற பதில் பல வீடுகளிலிருந்து வரும். அந்த வயதுக்குப் பியாஜே எதிர்பார்க்கும் பதிலும் அதுதான். ஒன்றிரண்டு குழந்தைகள், "அதே தண்ணிதானுங்க அத்தை" என்று கவிழ்த்துவிடும். வகுப்பு நேரம் முழுவதும் அந்த ஒன்றிரண்டுக்குத்தான். ஏன் அந்தக் குழந்தை மட்டும் அப்படிச் சொன்னது? கேட்ட விதத்தில் விடை கசிந்ததா? வயதுக் கோடு அவ்வளவு கறாரானதா? இந்தச் சர்ச்சைக்கு ஆள் நேரில் வேண்டும், முகம் பார்க்க வேண்டும். படிநிலைப் பட்டியலுக்கு நேரில் வரவேண்டியதில்லை. இப்படி ஒரே ஒரு அலகைப் பிரித்துக் காட்டச் சொல்வதுதான் பயிற்சியின் மையம் என்பேன். மூன்று நாள் மூடுல் வகுப்பைவிட இதில் வியர்க்கும்.

வீடியோ பதிவு செய்கிறவர்களுக்கு ஒரு தகவல். எடெக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பார்த்தது நடுத்தரக் கணக்கில் அதிகபட்சம் ஆறு நிமிடம்தான். 50 நிமிட விரிவுரையைப் பதிவேற்றிவிட்டு "போட்டாச்சு" என்று நிம்மதி அடைவது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் ஆறுதல்.

நேரலை வகுப்பில் கவனிக்கவேண்டியது மௌனம். உங்கள் ஒரு வகுப்பைப் பதிவு செய்து, கேள்வி கேட்டபின் எத்தனை விநாடி காத்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். "புரிஞ்சுதுங்களா? யாருக்காச்சும் டவுட் இருக்குதுங்களா? சரி, அடுத்த ஸ்லைடு போயிரலாம்." மூன்று வாக்கியமும் ஒரே மூச்சில் முடிந்திருக்கும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களிலேயே இதை அளந்தார். ஆசிரியர்கள் காத்திருப்பது சராசரியாக ஒரு விநாடி. மூன்று விநாடி காத்திருந்தால் பதில் நீள்கிறது, பேசாத பிள்ளையும் பேசுகிறது. அது நேர் வகுப்புக் கணக்கு. ஆன்லைனில் மியூட்டை எடுக்கவே மூன்று விநாடி ஆகும்.

மியூட்டை எடுக்க முடியாதவர்களும் உண்டு. சோமனூர், பல்லடம் பக்கம் வீட்டோடு தறி ஓடும். மைக்கைத் திறந்தால் தறிச் சத்தம் வகுப்பையே மூடிவிடும் என்று கூச்சப்பட்டு வருடம் முழுக்க வாய் திறக்காத மாணவிகள் இருக்கிறார்கள். அவர்களை "ஆர்வமில்லை" என்று குறித்துவைப்போம். சாட் பெட்டியில் எழுதச் சொன்னால் முதல் பதில் அங்கிருந்து வரும். டேட்டாவும் அப்படித்தான். கேமராவோடு ஒரு மணி நேரக் குழு வகுப்பு ஏறக்குறைய ஒரு ஜிபியைத் தின்னும், தினம் ஒன்றரை ஜிபி பேக்கில் இரண்டாவது வகுப்பு நடுவிலேயே தொங்கும். பத்து நிமிடக் குரல் பதிவு சில எம்பிக்குள் அடங்கும். கேமராவைக் கட்டாயம் ஆன் செய்யச் சொல்லும் துறைத் தலைவர்கள் ஒருதரம் மாணவரின் ரீசார்ஜில் வகுப்பு நடத்திப் பார்க்கலாம்.

கலப்பு முறை உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் இன்டர்ன்ஷிப். இரண்டு வருட பி.எட்.டின் இரண்டாம் வருடத்தில் 16 வாரம் பள்ளியில். தாளவாடிப் பள்ளியில் இருக்கும் மாணவியின் ஒரு பீரியடைப் பார்க்க, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகவேண்டும். வால்பாறை என்றால் ஆழியாறிலிருந்து 40 வளைவு. ஒரு பேராசிரியரின் முழு நாள் போய்விடும். ஆகவே ஓரிருமுறை நேரில் போவது, இடையில் மாணவியே பத்து நிமிடத் துண்டுகளாகப் பதிவு செய்து அனுப்புவது என்று வைத்துக்கொள்ளலாம். "நன்று, முயற்சி தொடரட்டும்" என்று எழுதி அனுப்புவதில் பயனில்லை. "4:10-ல் கேள்வியை நீங்களே கேட்டு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள், திரும்பப் பாருங்கள்" என்று நேரம் குறித்து எழுதவேண்டும். நேரில் போயிருந்தாலும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லமுடியாது.

இதில் ஒரு எச்சரிக்கை, பயிற்சிகளில் யாரும் வாய் திறப்பதில்லை. அந்த வீடியோவில் இருப்பது பிறர் வீட்டுக் குழந்தைகள். 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோர் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டத்தை விடுங்கள், நம் பிள்ளை தவறாக வாசித்துக் கூனிக் குறுகுவது யாரோ ஒருவரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஓடினால் சும்மா இருப்போமா? தலைமை ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கேமரா ஆசிரியரையும் கரும்பலகையையும் மட்டும் பார்க்கட்டும். மதிப்பீடு முடிந்ததும் போனிலிருந்தும் குரூப்பிலிருந்தும் அழித்துவிடுங்கள்.

பயிற்சியை நடத்தும் முறையும் மாறவேண்டும். நேரில் கூடுவதற்கு இரண்டு வாரம் முன்பே பேராசிரியர்களை ஒரு ஆன்லைன் பாடத்தில் மாணவர்களாகச் சேர்த்துவிடுவேன். வாசிப்பு, விவாதம், கெடு தேதியோடு ஒரு ஒப்படைப்பு. பாதிப் பேர் கெடு தாண்டுவார்கள்; இருபது வருடம் பாடம் எடுத்தவரும் "சார், நெட்டு கெடைக்கலீங்க" என்று எழுதுவார். தாமதமாகத் தரும் மாணவரை என்ன செய்வது என்ற விவாதம் அந்த வருடம் வேறு தொனியில் நடக்கும்.

கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு அலகை இப்படிப் பிரித்துத் தயாரிக்க முதல் தடவை விரிவுரைக்கு ஆகும் நேரத்தைப்போல் சில மடங்கு ஆகும். குரூப்பில் பதில் எழுதுவதும் வீடியோ பார்த்துக் குறிப்பெழுதுவதும் வேலைதான். அதைக் கால அட்டவணையில் பீரியடாகக் கணக்கிட்டுக் கொடுங்கள், அதற்குப் பிறகு அடுத்த பயிற்சிக்குத் தேதி கேளுங்கள்.