சர்ப்ரைஸ்: பிடிபடுவதா, விருந்து வருவதா?

எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்தில் ‘சர்ப்ரைஸ்’ என்ற சொல் காதில் விழாத வாரமே இல்லை. நள்ளிரவு 12 மணிக்கு நண்பர்கள் கேக்கோடு கதவைத் தட்டினால் சர்ப்ரைஸ். தேறவே மாட்டோம் என்றிருந்த அரியர் பேப்பர் தேறிவிட்டால் அதுவும் சர்ப்ரைஸ். ஆனால் அதே பிள்ளைக்கு அப்பாவின் வேலை போன செய்தி வரும்போது மட்டும் சொல் மாறிவிடுகிறது: ‘ஷாக்’. நல்லதுக்கு ஓர் இரவல் சொல், கெட்டதுக்கு இன்னோர் இரவல் சொல் என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் சர்ப்ரைஸ் இரண்டுக்கும் பொது.

அதன் பிறப்பைப் பார்த்தால் கேக்கும் மெழுகுவர்த்தியும் வெகு தூரம். பழைய பிரெஞ்சில் ‘சுர்’ என்றால் மேலே; ‘ப்ராந்த்ர்’ என்றால் பிடித்தல். இந்தப் பிடித்தலுக்கு மூலம் லத்தீனின் ‘ப்ரெஹெந்தெரே’. அதாவது மேலே பாய்ந்து பிடிப்பது. 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இது படைக்களச் சொல்: காவல் அயர்ந்த நேரத்தில் எதிரி பாய்ந்து பிடித்துக்கொள்வது. மனம் வியந்துபோவது என்ற பொருள் அதற்குப் பின்புதான் வந்தது.

நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் அந்த மூலப்பொருள் அப்படியே நிற்கிறது. 1 தெசலோனிக்கேயர் 5:4இல் கர்த்தர் வரும் அந்த நாள் ‘திருடனைப்போல உங்களைப் பிடித்துக்கொள்ளத்தக்கதாக’ என்று வாசிக்கிறோமே, அதே இடத்தில் சில ஆங்கில வேதாகமங்களில் இருப்பது சர்ப்ரைஸ்தான்.

தமிழில் என்ன சொல்லலாம்? சர்ப்ரைஸ் டெஸ்ட்டுக்குத் திடீர்த் தேர்வு, சர்ப்ரைஸ் கிஃப்ட்டுக்கு எதிர்பாராப் பரிசு போதும். ‘ஆச்சரியம்’ வடமொழியிலிருந்து வந்தது, ‘வியப்பு’ தமிழ். ஆனால் வியப்பில் நல்லதுதான் அதிகம் ஒட்டுகிறது. ‘இன்ப அதிர்ச்சி’ பத்திரிகைகள் பழக்கிவிட்ட தொடர். அதிர்ச்சிக்கு முன்னால் இன்பத்தை ஒட்டவைக்க வேண்டியிருப்பதே அதன் குறை. இன்பம் துன்பம் இரண்டிலும் மனம் ஒரு கணம் நின்றுபோவதைச் சொல்ல ‘திகைப்பு’ போல ஒரு சொல் இல்லை என்பது என் எண்ணம். தொல்காப்பியம் இதை ‘மருட்கை’ என்று எட்டு மெய்ப்பாடுகளில் (உடலில் வெளிப்படும் உணர்வுகளில்) ஒன்றாக வைத்து, அது பிறக்கும் நான்கு இடங்களில் முதலாவதாகப் ‘புதுமை’யைச் சொல்கிறது.

புதுமை, திகைப்பு. இரண்டும் சேர்ந்து வரும் ஒரு வேதவசனம் உண்டு. இன்றைய துருக்கியில் சிதறியிருந்த விசுவாசிகளுக்கு இயேசுவின் சீடரான பேதுரு எழுதுகிறார்: உங்கள் நடுவில் பற்றியெரிகிற அக்கினியைக் குறித்து ‘ஏதோ புதுமையென்று திகையாமல்’ இருங்கள் (1 பேதுரு 4:12). இங்கே திகைப்பதற்குக் கிரேக்கத்தில் உள்ள வினை ‘க்செனிட்சோ’. அந்நியன் என்று பொருள்படும் ‘க்செனொஸ்’ என்பதிலிருந்து பிறந்தது. இதே வினைக்கு இன்னொரு பொருளும் உண்டு: வந்தவரை உபசரிப்பது. ‘சிலர் அறியாமல் தேவதூதரையும் உபசரித்ததுண்டு’ என்று எபிரெயர் 13:2இல் வருவதும் இதே சொல்தான்.

இதை முதலில் கண்டபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது நம் ‘விருந்து’. விருந்து என்றால் பழந்தமிழில் முதலில் புதுமை. பிறகே புதிதாக வந்தவர். இலைபோட்டுப் பரிமாறுவது அதற்கும் பிறகு. கிரேக்கமும் தமிழும் தொடர்பே இல்லாமல் ஒரே வாசலில் வந்து நிற்கின்றன. பழக்கமில்லாத ஒன்று வாசலில் நிற்கிறது; திகைத்துக் கதவை மூடலாம், உள்ளே அழைக்கவும் செய்யலாம்.

எல்லாவற்றையும் அப்படி அழைக்க முடியுமா? 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்களும் அவர்களில் உண்டு. நம்மில் பெரும்பாலோர் ‘சுனாமி’ என்ற ஜப்பானியச் சொல்லையே அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம். அதை விருந்தாளி என்று சொல்ல எனக்கு வாய் வராது. பேதுருவும் அந்த நெருப்பை, அதாவது துன்பத்தை, நல்லது என்று சொல்லவில்லை. விசுவாசிக்கு வரவே வராத ஒன்று வந்துவிட்டதாக நினைக்காதீர்கள் என்கிறார். ‘ஜெபித்தேனே, எனக்கு ஏன்?’ என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். இறந்துபோன நண்பன் லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசுவே கண்ணீர் விட்டார்.

நல்ல திகைப்புகளும் விளம்பரத்தோடு வருவதில்லை. கதிர் பொறுக்கப் போன ரூத் ‘தற்செயலாய்’ப் போய்ச் சேர்ந்தது, பின்னாளில் அவளை மணந்த போவாசின் வயல். அவளுக்கு அது இன்னொரு வேலை நாள், அவ்வளவுதான்.

எருசலேமிலிருந்து எம்மாவு என்ற ஊருக்குப் போன இயேசுவின் சீடர் இருவருக்கோ இரண்டு திகைப்பும் சில நாட்களுக்குள் வந்தன. அவர்கள் நம்பியிருந்த இயேசு சிலுவையில் அறையப்பட்டிருந்தார். துக்கமுகத்தோடு நடந்த அவர்களோடு யாரோ ஒருவர் சேர்ந்து நடந்தார், அடையாளம் தெரியவில்லை. ‘நீர் எங்களுடனே தங்கியிரும், சாயங்காலமாயிற்று’ என்று வருந்திக் கேட்டு உள்ளே அழைத்தார்கள். விருந்தாக வந்தவர் அப்பத்தை எடுத்து ஆசீர்வதித்துப் பிட்டுக் கொடுத்தபோதுதான் கண் திறந்தது: அவர் உயிர்த்தெழுந்த இயேசு. அந்த நேரத்திலேயே எழுந்து, வந்த 11 கிலோமீட்டரையும் திரும்ப நடந்து எருசலேமுக்குப் போனார்கள்.