டினையலிசம்: மறுப்பா, மறுதலிப்பா?

சான்றுகள் குவிந்து கிடந்தாலும் 'அப்படி ஒன்று இல்லவே இல்லை' என்று சாதிப்பதற்கு ஆங்கிலத்தில் டினையலிசம் என்று பெயர். லத்தீனில் 'நெகாரே' என்றால் இல்லை எனல். அது 'டேநெகாரே' என்று நீண்டு, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'டினை' ஆயிற்று. வாலில் இருக்கும் 'இசம்' கிரேக்க விகுதி. அந்த வால்தான் இங்கே விஷயம். பரிசோதனை முடிவைக் கையில் வாங்கியவர் 'எனக்கா? இருக்காது' என்று சில நாள் தவிப்பது டினையல்; மனித இயல்பு. அந்தத் தவிப்பைக் கொள்கையாக்கி ஆள் சேர்ப்பது டினையலிசம்.

மருத்துவத்தில் இந்தச் சொல் எய்ட்ஸோடுதான் அதிகம் ஒட்டிக்கொண்டது. எச்.ஐ.வி. கிருமியை 1983-இல் பாரிஸில் கண்டுபிடித்தார்கள். அது தீங்கற்றது, எய்ட்ஸுக்குக் காரணமல்ல என்று 1987-இல் வாதிட்டார் அமெரிக்க உயிரியலாளர் பீட்டர் டியூஸ்பெர்க். பிறகு எய்ட்ஸுக்குக் கொடுக்கும் மருந்தின் மீதே பழியைப் போட்டார். ஆய்வுலகம் ஏற்கவில்லை, இணையத்தில் எடுபட்டது. எடுபட்டதற்கு அந்த நோயின் போக்கே ஒரு காரணம். மருந்தே இல்லாவிட்டாலும் கிருமி புகுந்தபின் சராசரியாகப் பத்தாண்டு ஒருவர் நடமாட முடியும். மாத்திரையை நிறுத்தியவர் 'ரெண்டு வருஷமாச்சு, நல்லாத்தான் இருக்கேன்' என்று எழுதினால் அது சாட்சியாகிவிடும். படுத்த பிறகு அவர் எழுதப்போவதில்லை. யாராவது விசாரித்தாலும் பதில் தயார்: முன்பு தின்ற மாத்திரை கொன்றுவிட்டது.

இதையெல்லாம் இணையத்தில் படித்து மயங்கியவர்களில் ஒருவர் அன்றைய தென்னாப்பிரிக்க அதிபர் தாபோ எம்பெக்கி. 2000-இல் டியூஸ்பெர்க் உள்ளிட்டவர்களைத் தன் ஆலோசனைக் குழுவில் உட்காரவைத்தார். எய்ட்ஸுக்கு எச்.ஐ.வி.தான் காரணம் என்று 5,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட டர்பன் பிரகடனம் அதே ஆண்டு வந்தும் அவர் அசையவில்லை. பிரசவ நேரத்தில் தாய்க்கு ஒரு மாத்திரை, பிறந்த குழந்தைக்கு ஒரு வேளை திரவ மருந்து. தாயிடமிருந்து குழந்தைக்குக் கிருமி தொற்றாமல் தடுக்கும் நெவிராபின் சிகிச்சை அவ்வளவுதான். அதை அரசு மருத்துவமனைகளில் பரவலாகக் கொடுக்கவைக்கவே 2002-இல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. சுகாதார அமைச்சரோ பூண்டு, பீட்ரூட், எலுமிச்சை என்று சிபாரிசு செய்துகொண்டிருந்தார். மருந்து தாமதமானதால் 2000 முதல் 2005 வரை 3,30,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று 2008-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'மறுப்புவாதம்' என்று எழுதுகிறார்கள். வாதம் என்றதும் பக்கவாதமும் முடக்குவாதமும் நினைவுக்கு வந்து தொலைக்கின்றன. (பொருத்தம்தானே என்பவர்களும் உண்டு.) 'மறுப்பியம்' அந்தச் சிக்கலைத் தீர்த்தாலும் 'மறுப்பு' அப்படியே இருக்கிறது. மறுப்பு கௌரவமான சொல். மறுப்புரை எழுதும் ஆய்வாளர் தன் வேலையைத்தான் செய்கிறார். நல்ல ஆதாரம் வந்தால் இறங்கியும் வருவார். அவரையும் பூண்டு வைத்தியரையும் ஒரே சொல்லில் கட்டக் கூடாது.

என் தேர்வு மறுதலிப்பு. தமிழ் விவிலியத்தில் பேதுரு சேவல் கூவுமுன் மூன்று முறை இயேசுவை மறுதலிக்கிறார். கூடவே நடந்தவர், பார்த்தவர், ஆனாலும் 'அறியேன்' என்கிறார். நோயை மறுதலிப்பவர்களில் பலர் பேதுருவைப் போலப் பயந்து பொய் சொல்பவர்கள் இல்லை, மனதார நம்புகிறவர்கள். அந்த அளவுக்கு ஒப்புமை இடிக்கத்தான் செய்கிறது. ஆனால் சான்று கண்ணில் பட்ட பிறகும் சொல்வது என்ற இடத்தில் இரண்டு தரப்பும் ஒன்று.

ஆகவே கொள்கைக்கு 'நோய் மறுதலிப்பு', ஆளுக்கு 'மறுதலிப்பாளர்'. அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் வேறு: டிசிடெண்ட், அதாவது மாற்றுக் கருத்தாளர். செய்தி எழுதுகிறவர்கள் அதை அப்படியே எடுத்துப் போடாமல் இருந்தால் நல்லது. எழுத்துக்குத்தான் இந்தப் பாடெல்லாம். பேச்சில் 'இல்லேன்னு சாதிக்கிறாங்க' என்றாலே எவருக்கும் புரியும்.