எல்லாருக்கும் ஏறிருச்சு, எனக்கு மட்டும் ஏறலையே!

ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணிப் பக்கம் இ-சேவை மையம் நடத்துகிறேன். நிலமுள்ள விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பி.எம். கிசான் உதவித்தொகையின் தவணை விழும் வாரத்தில் கடைக்கு வருபவர்கள் கேட்பது மேலே இருக்கும் இந்த ஒரு வரியைத்தான். வருடத்துக்கு 6,000 ரூபாய், 2,000 ரூபாயாக மூன்று தவணை. வராவிட்டால் முதலில் திட்டு வாங்குபவர் வேளாண்மை அலுவலர். பாவம், பல நேரம் சிக்கல் அவர் பக்கமே இருக்காது.

இந்தப் பணம் நீங்கள் எழுதிக் கொடுத்த பாஸ்புக் எண்ணைப் பார்த்து வருவதில்லை. உங்கள் ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு மானியத்துக்காக இணைந்ததோ, அங்கேதான் போகும். ஒரு பாட்டி, போன வருஷத்திலிருந்தே காசு வரவில்லை என்று வந்தார். திட்டத்தின் தளத்தில் பார்த்தால் ஒவ்வொரு தவணையும் செலுத்தியாயிற்று என்கிறது. சரி, ஆதார் தளத்தில் வங்கி இணைப்பைத் திறந்தோம். அவர் கேள்விப்பட்டே இராத ஒரு வங்கியின் பெயர். பேரன் சிம் கார்டு வாங்கித் தந்தபோது ரேகை வைத்தாராம். அதோடு ஒரு கணக்கும் திறந்திருக்கிறது. காசு முழுக்க அதில் கிடந்தது. சிம் வாங்கும் இடத்தில் இரண்டாவது முறை ரேகை கேட்டால், எதற்கு என்று கேளுங்கள்.

ரேகை என்றதும் இன்னொன்று. உப்பளத்திலும் மிளகாய்க் காட்டிலும் உழைத்த விரலை இயந்திரம் ஏற்பதில்லை. அதனாலேயே கேஒய்சி, அதாவது ஆதாரை வைத்து ஆளை உறுதி செய்யும் வேலையை, முடிக்காமல் விட்டவர்கள் உண்டு. 2023 முதல் பி.எம். கிசான் செயலியில் முகத்தைக் காட்டியே முடிக்கலாம். வெளிச்சம் முகத்தில் விழும்படி வாசலில் நிற்க வைத்து, கண்ணைச் சிமிட்டச் சொன்னால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். செயலியைப் பிளே ஸ்டோரில் மட்டும் எடுங்கள். வாட்ஸ்அப்பில் அதே பெயரில் சுற்றுவது திருட்டுக் கோப்பு.

அப்புறம் பட்டா. 1-2-2019 அன்று நிலம் யார் பெயரில் இருந்தது என்பதுதான் கணக்கு. அதற்குப் பிறகு விலைக்கு வாங்கியவருக்குக் கிடையாது. அப்பா இறந்து வாரிசாக வந்த நிலம் என்றால் உண்டு. ஆனால் பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றியிருக்க வேண்டும். தாத்தா பெயரிலேயே பட்டாவை வைத்துக்கொண்டு என்னிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

குத்தகைக்கு உழுபவர்களுக்கு இந்த 6,000 இல்லை என்பது எனக்கு நியாயமாகவே படவில்லை. ஆனால் பயிர்க் காப்பீட்டில் அவர்களும் சேரலாம். சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதமும், மிளகாய்க்கு 5 சதவீதமும் கட்டினால் போதும். மழையை நம்பி விதைக்கிற நம் சீமையில் இதை விட்டுவிடாதீர்கள். ரசீது வாங்கியதும் சர்வே எண், உட்பிரிவு, வருவாய்க் கிராமம் மூன்றையும் அடங்கலோடு (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று வி.ஏ.ஓ. தரும் சான்று) வைத்துப் பார்த்துவிட்டே கடையை விட்டு இறங்குங்கள். கடைசித் தேதிக் கூட்டத்தில் தட்டச்சு செய்பவருக்குக் கை பிசகும். 12/3ஏ என்பது 12/3பி ஆகிவிட்டால், இழப்பீடு வரும் காலத்தில் தாலுகா ஆபீசுக்கு அலைவது நீங்கள்தான்.